எட்னா ரோஸ்ஸோ 2014: நிறம் சொல்லாத வயதைத் துவர்ப்பில் படிப்பது

கிளாஸைச் சாய்த்ததும் விளிம்பில் செங்கல் நிறம் தெரிந்தால் "வயதாகிவிட்டது, சீக்கிரம் குடித்துத் தீர்த்துவிட வேண்டும்" என்று முடிவுகட்டுவது பரவலான பழக்கம். போர்தோ ஒயினுக்கு அது ஓரளவு பொருந்தும். சிசிலியின் எட்னா எரிமலைச் சரிவில் விளையும் நெரெல்லோ மஸ்கலேசே திராட்சைக்குப் பொருந்தவே பொருந்தாது. இந்தத் திராட்சைத் தோலில் நிறமி குறைவு, துவர்ப்பைத் தரும் டானின் மிகுதி. நான்கைந்து வயதிலேயே விளிம்பு ஆரஞ்சு சாயத் தொடங்கிவிடும். நன்றாகச் செய்த ஒயின் அதன் பிறகும் பத்து ஆண்டு திடமாக நிற்கும். தீவின் இன்னொரு பெரிய சிவப்புத் திராட்சையான நேரோ டாவோலாவில் நேர் எதிர்த் தவறு நடக்கும். நிறம் கறுத்துச் செழிப்பாகத் தெரியும், உள்ளே பழம் எப்போதோ போயிருக்கும்.

ஆகவே நாங்கள் இரண்டை வைத்துத்தான் வயதைக் கணிக்கிறோம். ஒன்று, விழுங்கிய அல்லது துப்பிய பிறகு பழச்சுவை முதலில் அடங்குகிறதா, துவர்ப்பு முதலில் அடங்குகிறதா என்பது. மற்றது, திறந்த பாட்டிலில் மீந்த ஒயின் மறுநாள் எந்த நிலையில் இருக்கிறது என்பது. கீழே உள்ளது அப்படிச் செய்த ஒரு சோதனையின் பதிவு.

எடுத்துக்கொண்ட பாட்டில்கள்

மையமான பாட்டில் எட்னா ரோஸ்ஸோ 2014, அதாவது 2014இல் அறுவடையான எட்னா சிவப்பு ஒயின். மலையின் வடக்குச் சரிவில் ரன்டாட்ஸோ ஊரை ஒட்டிய கால்டெராரா சொத்தானா என்ற தோட்டப் பகுதியில் விளைந்தது. இப்படிப் பெயரிட்டு எல்லை வகுத்த பகுதியை எட்னாவில் கொன்ட்ராடா என்கிறார்கள். 2011 முதல் அந்தப் பெயரை லேபிளில் போட அனுமதி உண்டு. ஒப்பிடுவதற்கு அதே தயாரிப்பாளரின் அதே தோட்டத்து 2019. மூன்றாவதாகத் தீவின் தென்கிழக்கில், நோட்டோ பக்கத்துச் சுண்ணாம்பு மண்ணில் விளைந்த நேரோ டாவோலா 2014.

ஒரே ஒரு பழைய பாட்டிலை மட்டும் திறந்து வயதைக் கணிப்பது கடினம். இந்தப் புளிப்பு திராட்சையின் இயல்பா, ஒயின் வற்றியதால் துருத்திக்கொண்டு தெரிகிறதா என்று பிரித்தறிய, அதே தயாரிப்பாளரின் இளைய பாட்டில் பக்கத்தில் இருக்க வேண்டும். பணம் ஒரு பாட்டிலுக்குத்தான் இருக்கிறது என்றால், அதே தயாரிப்பாளரின் விலை குறைந்த, புதிய எட்னா ரோஸ்ஸோ ஒன்றை வைத்துக்கொண்டாலும் போதும்.

எட்னா ரோஸ்ஸோ என்று லேபிளில் போட, 1968இல் வந்த டிஓசி (இத்தாலியின் பிறப்பிடச் சான்று) விதிகளின்படி குறைந்தது 80 சதவீதம் நெரெல்லோ மஸ்கலேசே இருக்க வேண்டும். மீதியில் பெரும்பாலும் அதன் உறவுத் திராட்சையான நெரெல்லோ கப்புச்சோ சேரும். கப்புச்சோ நிறம் கொடுக்கும், மென்மை கொடுக்கும். நீண்ட ஆயுளைத் தருவது மஸ்கலேசேதான். எனவே வாங்கும்போதே கலவை விகிதத்தைக் கேட்டுத் தெரிந்துகொள்வது நல்லது. நூறு சதவீத மஸ்கலேசே, 80–20 கலவையைவிட இளமையில் இறுக்கமாகவும் பின்னாளில் நீடித்தும் இருக்கும்.

அறுவடைக் காலமும் முக்கியம். சிசிலியின் சமவெளித் தோட்டங்களில் வேலை முடிந்து வெகுநாள் கழித்து, அக்டோபர் நடுவிலோ கடைசியிலோதான் எட்னாவின் வடக்குச் சரிவில் திராட்சை பறிப்பார்கள். உயரமும் குளிர்ந்த இரவும் புளிப்பைக் காப்பாற்றிக் கொடுக்கின்றன. 2014 கோடை இத்தாலியின் பெரும்பகுதியில் மழையும் குளிருமாகக் கெட்டது. எட்னாவில் நேர்மாறாக அருமையான ஆண்டு. "இத்தாலி 2014 வேண்டாம்" என்று பொத்தாம்பொதுவாக ஒதுக்குபவர்கள் இழப்பது இதைத்தான். மழை தொல்லை கொடுத்த 2018, வெயில் வறுத்த 2017 ஆகியவற்றை இதே அளவுகோலால் அளக்கக் கூடாது. அவற்றுக்கு ஆயுள் குறைவு என்றே வைத்துக்கொண்டு சீக்கிரம் திறந்து பார்க்கலாம்.

இன்னொன்றையும் மனதில் வைக்க வேண்டும். வட இத்தாலியின் பாரோலோ ஒயினுக்கு இருப்பதுபோல எட்னாவுக்கு நீண்ட பாட்டில் வரலாறு இல்லை. ஒயின் தயாரிப்பாளர் ஜூசெப்பே பெனான்டி 1988இல் தொடங்கிவைத்த முயற்சி, பிறகு 2000ஐ ஒட்டி வந்த ஆந்த்ரேயா ஃபிராங்கெட்டி, மார்க் தே கிராட்சியா, ஃபிராங்க் கொர்னெலிசன் போன்ற தயாரிப்பாளர்களின் வருகை, இவற்றுக்குப் பிறகுதான் தோட்டவாரியாகப் பாட்டிலில் அடைத்துச் சேமிக்கும் வழக்கம் பெருகியது. அதற்கு முன்பு இங்கத்தியத் திராட்சையில் பெரும்பகுதி பாட்டிலில் அடைக்காத மொத்த விற்பனை ஒயினாகவே விலைபோனது. அதனால் 25 ஆண்டு தாண்டிய எட்னா ஒயினைப் பற்றி யாராவது அடித்துச் சொன்னால், சில பாட்டில்களை வைத்துத்தான் சொல்கிறார்கள்.

திறக்கும் முன்

படுக்க வைத்திருந்த பாட்டிலை இரண்டு நாள் முன்னரே நிறுத்தி வைத்துவிட வேண்டும். நெரெல்லோவின் மண்டி மிக நுண்ணியது; ஒருமுறை கலங்கினால் சில மணி நேரத்தில் அடங்காது. கலங்கிய ஒயினில் அந்த மண்டியே கசப்பும் சொரசொரப்பும் சேர்க்கும், நாமோ டானின் கெட்டுவிட்டதாகப் படிப்போம். இந்தச் சோதனை முழுவதும் டானினைச் சுற்றியே நடப்பதால் இங்கே சோம்பல் கூடாது.

நிறுத்திய பிறகு தக்கையின் அடிக்கும் ஒயின் மட்டத்துக்கும் இடைவெளியை அளக்க வேண்டும். சரிந்த தோள் கொண்ட பர்கண்டி வடிவப் பாட்டிலில் பத்துப் பன்னிரண்டு வயதுக்கு 2 செ.மீ. இயல்பு. 3 செ.மீ. என்றால் கவனம். 4 செ.மீ.க்கு மேல் போனால் தக்கை கசிந்திருக்கிறது அல்லது பாட்டில் சூட்டில் கிடந்திருக்கிறது. எங்கள் 2014இல் இடைவெளி 2 செ.மீ.யைத் தொட்டது. நேரோ டாவோலாவில் 2.5.

மேல் உறையை முழுதாக நீக்கிவிட்டுத் தக்கையின் தலையைப் பாருங்கள். கண்ணாடி விளிம்போடு சமமாக இருந்தால் சரி. மேலே உந்தி நின்றாலோ உறைக்குள் பிசுபிசுப்பு இருந்தாலோ, சூட்டில் ஒயின் விரிந்து தக்கையைத் தள்ளியிருக்கிறது. கறுத்த பூஞ்சை மட்டும் இருந்தால் பயப்பட வேண்டாம், அது ஈரப்பதமான நிலவறையில் இருந்ததற்கான அடையாளம். ஈரத்துணியால் துடைத்தால் போதும்.

இந்தப் பதிவிலுள்ள ஆண்டுக் கணக்கெல்லாம் 12 முதல் 14 டிகிரி செல்சியஸில், இருட்டில் இருந்த பாட்டில்களுக்கே பொருந்தும். சென்னையிலோ கொழும்பிலோ அலமாரியில் 30 டிகிரியில் இரண்டு கோடை கண்ட பாட்டிலுக்கு லேபிளில் உள்ள ஆண்டு அர்த்தமற்றது. அதை அன்றே திறந்துவிடுவதுதான் நல்லது.

ஊற்றும் வெப்பநிலை 16 டிகிரி. 20ஐத் தாண்டினால் ஆல்கஹால் மூக்கில் ஏறும், பழம் வெந்த மாதிரி மணக்கும். 13க்குக் கீழே இறங்கினால் டானின் உள்ளதைவிடக் கடுமையாகத் தெரியும். இரண்டுமே வயதைத் தப்பாகக் காட்டும். சமையலறை வெப்பமானி ஒன்றைக் கிளாஸில் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள். 30 டிகிரி அறையிலிருந்த பாட்டில் குளிர்சாதனப் பெட்டியில் 16க்கு இறங்க ஏறத்தாழ 2 மணி நேரம் ஆகும். நிறுத்தியபடியே உள்ளே வையுங்கள்.

தக்கை

பத்து வயது தாண்டிய தக்கைக்குத் திருகாணி மட்டும் போதாது, நடுவே உடையும் வாய்ப்பு அதிகம். இரட்டை நாக்குத் திறப்பான் வைத்திருங்கள். நீளமான நாக்கை முதலில், குட்டையானதைப் பின்னால், தக்கைக்கும் கண்ணாடிக்கும் இடையே மாற்றி மாற்றி அசைத்து இறக்கி, சுழற்றியபடி மேலே இழுக்க வேண்டும். நேராக அழுத்தினால் தக்கை உள்ளே விழும்.

வெளியே வந்த தக்கையின் பக்கவாட்டைப் பாருங்கள். ஒயின் கறை அடியிலிருந்து கால் பங்கு உயரம் ஏறியிருந்தால் இந்த வயதுக்கு நல்லது. பாதிக்கு மேல் ஏறியிருந்தால் காற்று அளவுக்கு மீறிப் போயிருக்கும். ஒரு பக்கம் மட்டும் கோடாக மேலே வரை ஓடியிருந்தால் அந்த ஒரு பாட்டிலின் குறை. அதை வைத்து அந்த ஆண்டையே எடைபோடக் கூடாது. எங்கள் 2014இன் தக்கையில் கறை அடியோடு நின்றிருந்தது. நேரோ டாவோலாவில் ஒரு பக்கம் பாதி உயரம். இந்தத் தகவலைக் குறித்து வைத்ததால்தான் பிறகு அதன் மேல் முழுத் தீர்ப்பு எழுதாமல் நிறுத்திக்கொள்ள முடிந்தது.

உடனே பங்கு பிரிப்பது

சோதனையின் உயிர்நாடி இந்தப் படிதான். பெரும்பாலோர் விட்டுவிடுவதும் இதைத்தான்.

திருகு மூடி போட்ட அரை பாட்டில் ஒன்றைச் சோப்பு மணம் இல்லாமல் கழுவி, வெந்நீரில் அலசி, கவிழ்த்துக் காயவைத்துத் தயாராக வைத்திருங்கள். 375 மி.லி. என்று எழுதியிருந்தாலும் வாய்வரை நிரப்ப 390 மி.லி. அளவு பிடிக்கும். பெரிய பாட்டிலைத் திறந்த உடனே, வேறு எதுவும் செய்யும் முன், மேலே உள்ள தெளிந்த ஒயினை மெல்லிய புனல் வழியே, கண்ணாடிச் சுவரில் வழியவிட்டு, வாய் ததும்பும்வரை நிரப்பி மூட வேண்டும். இதைக் குளிர்சாதனப் பெட்டியில் வையுங்கள். காற்று படாத சாட்சி இது.

அடுத்து இருவருக்குத் தலா 75 மி.லி. ஊற்றினால் பெரிய பாட்டிலில் 200 மி.லி. சொச்சம் ஒயினும் 550 மி.லி. அளவு காற்றும் இருக்கும். அந்தக் காற்றில் உள்ள ஆக்சிஜன் ஏறத்தாழ 150 மில்லிகிராம். நல்ல இயற்கைத் தக்கை ஆண்டுக்கு ஒரு மில்லிகிராம் அளவில்தான் உள்ளே விடும், தக்கைக்குத் தக்கை மாறினாலும். பாட்டிலில் உள்ள ஆக்சிஜன் எல்லாம் ஒரே நாளில் ஒயினில் கரைந்துவிடாது; கரைந்தாலும் மெதுவாக நடக்க வேண்டிய வேதிவினைகள் வேகமாக நடந்துவிடாது. எனவே "ஒரு நாள் என்றால் ஐந்து ஆண்டு" என்று கணக்குப் போடக் கூடாது. ஆனால் ஒயினுக்குள் ஆக்சிஜனைத் தாங்கும் சக்தி, அதாவது டானினும் மிச்சமிருக்கும் கந்தக டை ஆக்சைடும், இன்னும் எவ்வளவு இருக்கிறது என்பதை இது அப்பட்டமாகக் காட்டும். இந்தப் பாட்டிலைப் பழைய தக்கையாலேயே, அதைத் தலைகீழாக்காமல் முன்பு இருந்தபடியே அடைத்து, 14 முதல் 16 டிகிரியில் நிறுத்தி வையுங்கள்.

நிறம்: பார், குறி, ஒதுக்கி வை

வெள்ளைத் தாளின் மேல் கிளாஸை 45 டிகிரி சாய்த்துப் பகல் வெளிச்சத்தில் பார்க்க வேண்டும். மஞ்சள் விளக்கு எல்லா ஒயினையும் கிழவனாக்கும்.

2019: மாதுளை முத்து நிறம், விளிம்பில் ஏற்கெனவே லேசான ஆரஞ்சு. கீழே உள்ள எழுத்தைப் படிக்கலாம். 2014: நடுவே கார்னெட், விளிம்பில் விரல் அகலத்துக்குச் செங்கல் நிறம். நேரோ டாவோலா 2014: நடுவே இன்னும் கறுஞ்சிவப்பு, எழுத்து தெரியவில்லை, விளிம்பில் மட்டும் மெல்லிய பழுப்பு.

கண்ணை மட்டும் கேட்டால் மூன்றில் மூத்தது எட்னா 2014, அதே வயது நேரோ டாவோலா மிகவும் இளையது. காரணம் எளிது. திராட்சையின் சிவப்பு நிறமியான ஆந்தோசயனின், வயதாக ஆக டானினோடு பிணைந்து செங்கல் சாயலுள்ள பெரிய மூலக்கூறுகளாகிறது. ஒரு பகுதி மண்டியாகப் படிகிறது. நேரோ டாவோலாவுக்குக் கையிருப்பு அதிகம், இழந்தாலும் கறுப்பாகவே தெரியும். மஸ்கலேசேக்குக் கையிருப்பு குறைவு, கொஞ்சம் மாறினாலே கண்ணுக்குத் தெரிந்துவிடும். நிறத்தில் நாங்கள் பொருட்படுத்துவது ஒன்றே: பளபளப்பு. செங்கல் நிறமாக இருந்தாலும் ஒளி ஊடுருவி மினுமினுத்தால் உயிர் இருக்கிறது. மங்கி, மண்ணீரின் பழுப்பு கண்டால் கவலைப்படலாம்.

மணம்: புகை எங்கிருந்து வருகிறது

ஊற்றியவுடன் கிளாஸை ஆட்டாமல் ஒருமுறை முகருங்கள். பிறகு சுழற்றி முகருங்கள். பிறகு 30 நிமிடம், 2 மணி நேரம்.

2014இல் முதலில் அடைத்த மணம், லேசான தீக்குச்சி நெடி. 20 நிமிடத்தில் அது விலகியது. பின்னால் புளிப்புச் செர்ரி, காய்ந்த ஆரஞ்சுத் தோல், உலர்ந்த ரோஜா இதழ், சோம்பு, புகையிலை. 2 மணி நேரத்தில் செர்ரி இன்னும் தெளிவாக மேலே வந்தது. காற்றுப் பட்டு இரண்டு மணி நேரத்தில் பழம் பெருகுவது மிக நல்ல அறிகுறி. சரிவில் இருக்கும் ஒயினில் முதல் பத்து நிமிடம்தான் அழகு, பிறகு மணம் தட்டையாகிக்கொண்டே போகும்.

எட்னா ஒயினில் புகை மணத்தைக் கண்டதும் "எரிமலை" என்று எழுதிவிடுவார்கள். வேர் வழியாக லாவாவின் புகை பழத்துக்குள் ஏறுவதில்லை. புகைக்கு மூன்று சாதாரணக் காரணங்கள் உண்டு, மூன்றுக்கும் வயதுத் தீர்ப்பு வேறு வேறு. முதலாவது கந்தகச் சேர்மங்கள்: ஆக்சிஜன் போதாமல் அடைபட்ட ஒயினில் வரும், தீக்குச்சி அல்லது முட்டை நெடியாக இருக்கும், காற்றுப் பட்டால் குறையும். ஐயம் இருந்தால் ஒரு மிடறு ஒயினைத் தனிக் கிளாஸில் எடுத்து, நன்றாகத் துலக்கிய செம்புக் கம்பித் துண்டைப் போட்டுச் சுழற்றுங்கள். முட்டை நெடி மறைந்தால் ஹைட்ரஜன் சல்ஃபைடுதான். அந்த ஒயினைக் குடிக்காமல் கொட்டிவிடுங்கள். இந்தக் குறை ஆயுளைக் குறைப்பதில்லை. இரண்டாவது பிரெட்டனோமைசிஸ் என்ற ஈஸ்ட்: குதிரை லாயம், மருந்துப் பட்டை, கிராம்புப் புகை. இது காற்றில் போகாது, மறுநாள் இன்னும் தூக்கலாக வரும், பழத்தைத் தின்றுகொண்டே இருக்கும். அப்படி மணக்கும் ஒயினைச் சேமித்து வைக்க வேண்டாம். மூன்றாவது மரப்பீப்பாயின் உள்பக்கத்தைச் சுட்டதால் வரும் புகை: வனிலா, இனிப்பு மசாலாவோடு சேர்ந்து வரும். 225 லிட்டர் புதிய பீப்பாயில் வளர்த்த பழைய எட்னாக்களில் இது அதிகம். இப்போது பலர் பெரிய பழைய பீப்பாய்களுக்குத் திரும்பியது மஸ்கலேசேக்கு நல்லது என்பது எங்கள் உறுதியான கருத்து. மென்மையான பழம் வயதில் பின்வாங்கும்போது மரம் மட்டும் முன்னால் வந்து உட்கார்ந்துவிடுகிறது.

எங்கள் 2014இல் இருந்தது முதல் வகை, 20 நிமிடத்தில் தீர்ந்தது.

கெட்டுப்போன அறிகுறிகள் வேறு. ஈர அட்டைப்பெட்டி மணம் என்றால் தக்கையிலிருந்து வந்த டிசிஏ என்ற சேர்மம். பாட்டிலை ஒதுக்கிவிட்டு வேறு பாட்டில் திறக்க வேண்டும், வயதோடு அதற்குத் தொடர்பில்லை. அடிபட்ட ஆப்பிள் மணம் அசிட்டால்டிஹைடு, ஆக்சிஜன் மிகுதியின் முதல் எச்சரிக்கை. அதன் மேல் வெந்தய நெடி வந்துவிட்டால் ஒயின் கரை தாண்டிவிட்டது. வெந்தயத்துக்கு மணம் தரும் சோட்டலோன் என்ற சேர்மமே ஆக்சிஜனேற்றம் கண்ட ஒயினிலும் உருவாகிறது. வினிகர், நகப்பூச்சு நெடி ஆவியாகும் அமிலத்தைக் குறிக்கும். சிவப்பு ஒயினில் ஐரோப்பிய விதி லிட்டருக்கு 1.2 கிராம்வரை அனுமதிக்கிறது, ஆனால் அதன் பாதியைத் தாண்டும்போதே பழகிய மூக்குக்குத் தெரியும்.

வாய்: எது முதலில் அடங்குகிறது

டானின் உமிழ்நீரிலுள்ள புரதத்தோடு பிணைந்து அதைத் திரட்டுவதால்தான் வாய் வறள்கிறது. ஆகவே அடுத்தடுத்துக் குடித்தால் துவர்ப்பு ஏறிக்கொண்டே போகும், மூன்றாவது மிடறு முதலாவதைவிடக் கடுமையாகப் படும். இரண்டு மிடறுகளுக்கு இடையே 2 நிமிடம் விடுங்கள். உப்பில்லாத ரொட்டி, தண்ணீர். பெக்கொரினோ பாலாடைக்கட்டியைப் பக்கத்தில் வைக்காதீர்கள். அதன் புரதமும் கொழுப்பும் டானினைப் பிடித்துக்கொண்டு எல்லா ஒயினையும் பழுத்ததாகக் காட்டும். வரிசை: மூத்தது முதலில், இளையது கடைசியில். மாற்றினால் 2019இன் துவர்ப்பில் மரத்த ஈறு, 2014இன் நுட்பத்தை வாங்காது.

15 மி.லி. எடுத்து, பத்து நொடி வாயில் உருட்டி, துப்பிவிட்டு, நொடி எண்ணத் தொடங்குங்கள். இரண்டு எண்கள் வேண்டும். பழம், பூ, மசாலா என்று ஏதாவது ஒரு சுவை உயிரோடு இருக்கும் கடைசி நொடி. மேலீறில் துவர்ப்பு பிடித்திருக்கும் கடைசி நொடி. இருவர் தனித்தனியே எழுதிவிட்டுப் பிறகே ஒப்பிட வேண்டும்.

2019இல் பழம் 12 நொடியில் அடங்கியது, துவர்ப்பு 25 நொடிவரை ஈறைப் பிடித்திருந்தது. 2014இல் சுவை 15, துவர்ப்பு 16. ஏறத்தாழ ஒன்றாகவே இறங்கின. நேரோ டாவோலா 2014இல் பழம் 7, புளிப்பும் துவர்ப்பும் 15.

முதலாவதும் மூன்றாவதும் காகிதத்தில் ஒரே மாதிரித் தெரியும். இரண்டிலும் பழம் முந்தி அடங்குகிறது. இங்கேதான் இளமையையும் மூப்பையும் குழப்பிக்கொள்வார்கள். வித்தியாசம் துவர்ப்பின் தன்மையில் இருக்கிறது. இளைய ஒயினில் துவர்ப்பு முன் ஈறில் இறுக்கமாகப் பிடிக்கும், அதன் அடியில் பழம் நசுங்கிக் கிடப்பது தெரியும். ரொட்டி கடித்துவிட்டு மறுபடி ஒரு மிடறு எடுத்தால் பழம் மேலே வரும். வற்றிய ஒயினில் துவர்ப்பு நாக்கின் மேலும் கன்னத்தின் உள்ளும் தூளாகப் பரவும், நடுவாயில் வெற்றிடம் இருக்கும், ரொட்டிக்குப் பிறகும் பழம் வராது. புளிப்பு மட்டும் தனித்து நிற்கும். புளிப்பு அதிகமானதால் அப்படித் தோன்றுவதில்லை. ஒயினின் அமில அளவு பாட்டிலில் பெரிதாக மாறுவதில்லை. மூடியிருந்த பழம் விலகியதால் புளிப்பு அம்மணமாகத் தெரிகிறது.

2014இன் துவர்ப்பைச் சொல்வதானால், பால் சேர்க்காத நல்ல டீ டிகாஷனின் நயம். ஈறைத் தொட்டுவிட்டு விலகுகிறது, நடுவாய் நிறைந்திருக்கிறது. பழமும் துவர்ப்பும் இப்படிச் சேர்ந்து இறங்குவதையே பதம் என்கிறோம்.

மறுநாளும் அதற்கு மறுநாளும்

24 மணி நேரம் கழித்து, அரை பாட்டிலிலிருந்து 50 மி.லி., காற்றோடு நின்ற பெரிய பாட்டிலிலிருந்து 50 மி.லி., இரண்டையும் 16 டிகிரிக்குக் கொண்டுவந்து, எது எது என்று தெரியாதபடி ஒருவர் ஊற்ற மற்றவர் சுவைக்க வேண்டும்.

எட்னா 2014: இரண்டுக்கும் வேறுபாடு மிகக் குறைவு. காற்றுப் பட்டதில் ஆரஞ்சுத் தோல் சற்றுக் கூடுதல், செர்ரி சற்றுக் குறைவு, நொடிக் கணக்கு மாறவில்லை. 48 மணி நேரத்தில் காற்றுப் பட்டதில் ஈரமண், காளான் மணம் வந்தது, பழம் 10 நொடிக்கு இறங்கியது. அடிபட்ட ஆப்பிள் இல்லை.

எட்னா 2019: காற்றுப் பட்டதே மேல். 24 மணி நேரத்தில் பழம் 12இலிருந்து 17க்கு ஏறியது, 48இலும் தளரவில்லை. திறந்து ஒரு நாள் கழித்து மேம்படும் ஒயினை இன்னும் திறக்க வேண்டிய காலம் வரவில்லை. உடனே குடித்தே ஆக வேண்டுமென்றால் டிகாண்டரில், அதாவது காற்றுப் பட வைக்கும் அகன்ற கண்ணாடிக் குடுவையில், ஊற்றி 3 மணி நேரம் விடுங்கள். 2014ஐ அப்படி விடக் கூடாது. மண்டியைப் பிரிக்க மட்டும், பரிமாறுவதற்குச் சற்று முன்னால் மாற்றுங்கள்.

நேரோ டாவோலா 2014: அரை பாட்டிலில் இருந்தது முதல் நாள் போலவே. காற்றுப் பட்டது 24 மணி நேரத்திலேயே உலர்திராட்சை, வெந்த பிளம் மணத்துக்கு மாறியிருந்தது. பழம் 4 நொடி. நிறம் மட்டும் அப்போதும் கறுஞ்சிவப்பு. ஆனால் இதன் தக்கையில் கறை பாதி உயரம் ஏறியிருந்ததை மறக்கக் கூடாது. இந்தப் பாட்டில் முடிந்தது என்று சொல்லலாம். அந்த ஆண்டு முடிந்தது என்றோ, நேரோ டாவோலா தாங்காது என்றோ சொல்ல இது போதாது. 1970இல் தொடங்கிய ரோஸ்ஸோ தெல் கோந்தே, 1984இல் தொடங்கிய தூக்கா என்ரிகோ ஆகியவை, முன்னதில் வேறு திராட்சையும் சேர்ந்திருந்தாலும், இந்தத் திராட்சை பல பத்தாண்டு நிற்கக் கூடியது என்று நிரூபித்த ஒயின்கள். இதே நேரோ டாவோலாவின் இன்னொரு பாட்டிலைத் திறந்தே தீர்ப்பை எழுத வேண்டும்.

மீதிப் பாட்டில்களை என்ன செய்வது

நாங்கள் பின்பற்றும் விதி இது. 24 மணி நேரத்தில் காற்றுப் பட்டது மேம்பட்டால், அடுத்த பாட்டிலை 3 ஆண்டு தொடாதீர்கள். மாற்றமில்லாமல் நின்றால் பதத்தில் இருக்கிறது. ஆண்டுக்கு ஒன்றாகத் திறக்கலாம். 24 மணி நேரத்தில் சரிந்து, சாட்சிப் பாட்டில் மட்டும் நன்றாக இருந்தால், அடுத்த ஓராண்டுக்குள் எல்லாவற்றையும் குடித்துவிடுங்கள், டிகாண்டர் வேண்டாம். சாட்சியே சரிந்திருந்தால் தாமதமாகிவிட்டது. மிச்சமிருப்பதை மாட்டிறைச்சி வேகவைக்கப் பயன்படுத்தலாம், அதற்கு நன்றாகவே உதவும்.

இந்த அளவுகோலில் எட்னா 2014 இரண்டாம் வகை. 48 மணி நேரத்திலும் ஆப்பிள் நெடி வராததால், நல்ல நிலவறையில் இன்னும் நான்கைந்து ஆண்டு இதே மட்டத்தில் நிற்கும் என்று கணிக்கிறோம். காளான் மணம் கூடும், செர்ரி குறையும். அந்தச் சுவை பிடிக்காதவர்கள் இப்போதே திறப்பது நல்லது. 2019இல் அடுத்த பாட்டில் 2028இல். அன்று துவர்ப்பு 20 நொடிக்குக் கீழே இறங்கி, பழம் 12க்குக் குறையாமல் இருந்தால் சரியான பாதையில் போகிறது. துவர்ப்பு அப்படியே நின்று பழம் மட்டும் 8, 9 என்று குறைந்திருந்தால் காத்திருப்பதில் பயனில்லை.

குறிப்பேட்டில் ஆண்டு, கொன்ட்ராடா ஆகியவற்றோடு லேபிளின் ஓரத்தில் 'எல்' எழுத்தில் தொடங்கும் லாட் எண்ணையும் எழுதி வையுங்கள். ஒரே ஆண்டு ஒயினைத் தயாரிப்பாளர்கள் இரண்டு தடவையாகப் பாட்டிலில் அடைப்பதுண்டு. பீப்பாயில் கிடந்த மாதங்களும் தக்கைகளும் மாறும். லாட் எண் வேறானால் முந்தைய நொடிக் கணக்கைப் புதிய பாட்டிலுக்குப் பொருத்தாமல், முதலிலிருந்து எண்ணத் தொடங்க வேண்டும்.